கற்றுக்கொடுக்கிறவரின் நேரத்துக்கு யார் சம்பளம் தருவது?

திறன் பயிற்சிக்கு அரசு பெரிய தொகை ஒதுக்கியிருக்கிறது என்று எந்த நாட்டிலிருந்து செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒரே விஷயத்தைத்தான். வேலை தெரிந்த மூத்த தொழிலாளி ஒருவர் தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிற்கிற அப்ரண்டிஸிடம் "இங்கே கை வைத்துப் பார், சூடு தெரிகிறதா" என்று சொல்லிக்கொடுக்கிற நேரம் இருக்கிறதே, அதற்கு இந்தப் பணத்தில் ஏதாவது போகிறதா? பெரும்பாலான திட்டங்களில் அதற்கென்று ஒரு வரிகூட இருக்காது. வகுப்பறைக்குப் போகும், பயிற்சி நிறுவனத்துக்குப் போகும், தேர்வுக்கும் சான்றிதழுக்கும் போகும், அப்ரண்டிஸின் உதவித்தொகையில் ஒரு பங்குக்கும் போகும். சொல்லிக்கொடுக்கிறவரின் நேரம் மட்டும் தானாகக் கிடைத்துவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கிடைக்காது. இவ்வளவு செலவு செய்தும் பல இடங்களில் தொழில் தெரிந்த கைகள் உருவாகாததற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

நான் மெயின்டனன்ஸ் வேலையில் பல வருடம் இருந்தவன். அப்ரண்டிஸாக நுழைந்து, பிறகு என்னிடம் அப்ரண்டிஸ்களை விடுகிற நிலைக்கு வந்தவன். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

சொல்லிக்கொடுப்பது என்றால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டம் போடுகிறவர்கள் பலருக்கு அது தெரிந்த மாதிரி தெரியவில்லை. ஒரு மோட்டாரில் பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்குகிற பாகம், போகப்போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு இன்று கருவி இருக்கிறது, அதிர்வை அளந்து எண்ணாகக் காட்டும். ஆனால் பழைய ஆட்கள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் ஹவுசிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். நல்ல பேரிங் சீராக ஒரே மாதிரி ஓடும், கெட்டுப்போகத் தொடங்கியதில் நடுநடுவே ஒரு கரகரப்பு வரும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் கேட்கும். நல்லது ஒன்றையும் கெட்டது ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும், அதுவும் இது கெட்டது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்க வேண்டும், அப்புறம் அந்தப் பேரிங்கைக் கழற்றி உள்ளே எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அப்போதுதான் காது பழகும். இரண்டு தண்டுகளை இணைக்கிற கப்ளிங் நேராக இருக்கிறதா என்று அலைன்மென்ட் பார்ப்பது, நட்டை எந்த அளவு முறுக்கினால் போதும் என்று கை உணர்வது, வெல்டிங்கில் உருகி நிற்கிற குழம்பின் நிறத்தையும் அகலத்தையும் பார்த்துக் கையை நகர்த்துவது, எல்லாமே இதே வகைதான்.

இதற்கு ஆகிற செலவு எங்கேயும் பில்லாக வராது. அரை மணி நேரத்தில் முடிகிற வேலை ஒன்றரை மணி நேரம் ஆகும். பழகுகிறவர் ஒரு பீஸைக் கெடுப்பார், கெடுத்தால்தான் பழக முடியும், அது ஸ்கிராப்பில் போகும். டூல் உடையும். மெஷின் நிற்கிற நேரம் கூடும். உற்பத்திக் கணக்கில் இன்சென்டிவ் வாங்குகிற தொழிலாளியாக இருந்தால், சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய சொந்தச் சம்பளத்தில் கழியும். இது போதாதென்று இன்னொரு பயமும் உண்டு, யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்: இந்தப் பையனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டால் குறைந்த சம்பளத்துக்கு அவனை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதனால் முக்கியமான அந்த ஒரு நுணுக்கத்தை மட்டும் கையை மறைத்துக்கொண்டு செய்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குடும்பத்தைக் காப்பாற்றுகிற ஒரே சொத்தை இலவசமாகக் கொடு என்று கேட்டால் எந்த மனிதரும் தயங்கத்தான் செய்வார்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்தது இது. அரசுத் திட்டத்தில் அப்ரண்டிஸ்களை எடுத்திருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சிப் பதிவேடு இருந்தது, வாரா வாரம் என்ன கற்றார் என்று எழுதி மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் எழுதவில்லை. ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, மாதக்கணக்கான பாடத்தை ஒரே பேனாவில் முடித்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சாமான் தூக்கியது, தரை துடைத்தது, ஸ்டோரிலிருந்து ஸ்பானர் வாங்கி வந்தது. அதாவது எடுபிடி வேலை. அந்த மூத்த தொழிலாளர்கள் சோம்பேறிகள் கிடையாது, அவர்களுக்கு அன்றைய டார்கெட் இருந்தது, அதில் ஒரு நிமிடம்கூட யாரும் குறைத்துத் தரவில்லை. ஆய்வுக்கு வந்தவர் பதிவேட்டைப் பார்த்தார், ஆட்களை எண்ணினார், போய்விட்டார். ஒரு பையனிடம் டயல் கேஜைக் கொடுத்து "இதை வைத்து அளந்து காட்டு" என்று கேட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

சரி, இதில் அரசு ஏன் வர வேண்டும், நிறுவனம்தானே ஆளை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1992-இல் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960-களிலேயே இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பயன்படுகிற திறமை என்றால் அந்த நிறுவனமே செலவு செய்து கற்றுத்தரும். எங்கே போனாலும் செல்லுபடியாகிற திறமை என்றால், செலவு செய்து வளர்த்த ஆளைப் பக்கத்து நிறுவனம் கொஞ்சம் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்ளும், அதனால் யாரும் செலவு செய்ய மாட்டார்கள், கற்கிறவரே குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டு அந்தச் செலவைச் சுமப்பார் என்றார். பின்னால் வந்தவர்கள் இதில் பல திருத்தம் சொன்னார்கள். ஆனால் கடைசிப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டு இரண்டு மூன்று வருடம் கற்பதற்கு யாரால் முடியும்? வீட்டில் வேறு வருமானம் இருக்கிறவரால் முடியும். மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆக வேண்டிய பிள்ளை, இன்றைக்கே கூடக் கொஞ்சம் கிடைக்கிற கூலி வேலைக்குத்தான் போகும், அதற்கு எவ்வளவு கை நுணுக்கம் இருந்தாலும். பொதுப்பணம் உள்ளே வர வேண்டியது இந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

பழைய காலத்தில் குடும்பமே குருவுக்குப் பணம் கொடுத்தது. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் செய்ய வேண்டுமென்றால் ஏழு வருடம் பழகியிருக்க வேண்டும் என்றது, பெற்றோர் முன்பணம் கட்டிப் பிள்ளையைச் சேர்ப்பது அங்கே வழக்கமாக இருந்தது, 1814-இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. மேற்கு ஆப்பிரிக்காவில் தையல், மெக்கானிக் வேலை, முடிதிருத்தம் இவற்றில் இன்றும் குடும்பம் பணம் கட்டித்தான் பிள்ளையை ஒரு மாஸ்டரிடம் விடுகிறது. கட்ட முடியாதவர்கள் வெளியே நிற்கிறார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள், அந்த ஏற்பாட்டில் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கூலி இருந்தது. நவீன அரசுகள் குடும்பத்தின் சுமையை இறக்கியது நல்ல காரியம், ஆனால் இறக்கும்போது அந்தக் கூலியையும் சேர்த்துக் கீழே போட்டுவிட்டன.

அரசுகள் பணம் திரட்டிய வழியில் பெரிதாக வித்தியாசம் இல்லை. நிறுவனங்கள் கொடுக்கிற மொத்தச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை வரியாக வாங்கி அதைப் பயிற்சிக்குத் திருப்புவது. பிரான்ஸ் 1925-இலேயே தொழிற்பழகுநர் வரி, அதாவது அப்ரண்டிஸ் பயிற்சிக்கான வரி, கொண்டுவந்தது. பிரேசிலில் 1942-இல் தொடங்கிய செனாய் என்ற தொழிற்பயிற்சி அமைப்பு தொழில்துறையின் சம்பளப் பட்டியலில் 1 சதவீதத்தை வைத்து நடக்கிறது. பிரிட்டன் 1964-இல், சிங்கப்பூர் 1979-இல், தென்னாப்பிரிக்கா 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 1 சதவீதம் என்று வரிசையாக வந்தன. ஆளைப் பயிற்றுவிக்காமல் பக்கத்து வீட்டுக்காரன் வளர்த்த ஆளை இழுத்துக்கொள்கிற நிறுவனமும் பங்கு கட்டியாக வேண்டும் என்பதால் இந்த வரி நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரட்டிய பிறகு எதற்குக் கொடுப்பது என்பதில்தான் கோணல் வருகிறது.

பிரிட்டனில் 2017 ஏப்ரலில் வந்த தொழிற்பழகுநர் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போகிற நிறுவனங்கள் 0.5 சதவீதம் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் அந்தப் பணம் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு டிஜிட்டல் கணக்கில் ஏறும்; தொடக்க விதிப்படி அரசு 10 சதவீதம் கூடச் சேர்த்தது, 24 மாதத்தில் செலவழிக்கவில்லையென்றால் பணம் காலாவதியானது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தைப் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டும்தான் செலவு செய்யலாம். அப்ரண்டிஸின் சம்பளத்துக்குக் கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று பழக்குகிறவரின் நேரத்துக்கும் கொடுக்க முடியாது. அப்புறம் என்ன நடக்கும்? காலாவதியாகிற பணம், அதுவும் வகுப்பறையில் மட்டுமே செலவழிக்கக்கூடிய பணம். ஏற்கெனவே வேலையில் இருக்கிற மேனேஜர்களை அப்ரண்டிஸ் என்று பதிவு செய்து மேலாண்மைப் படிப்புக்கு அனுப்பின நிறுவனங்கள். எம்பிஏ பட்டமே அந்தக் கணக்கில் வந்தது, 2021-இல்தான் அதை நீக்கினார்கள். இங்கிலாந்தில் 2016-17-இல் சுமார் 4,95,000 பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள், அடுத்த வருடம் அது 3,76,000 அளவுக்கு விழுந்தது. அடிமட்டத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த இடங்கள் சுருங்கியபோது மேல்மட்டப் படிப்புகள் வளர்ந்தன. முதுநிலை அளவிலான பயிற்சிக்கு இந்தப் பணத்தை இளையவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது 2026 ஜனவரியில்தான்.

நான் அந்த மேனேஜர்கள் மேல் கோபப்படவில்லை. பயிற்சித் தளத்தில் ஒரு வெல்டரை வளர்க்க வேண்டுமென்றால் மூத்த வெல்டரின் உற்பத்தியில் பாதி போகும், அதற்கு ஈடு இல்லை. மேனேஜரை வாரம் ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினால் பெரிய நஷ்டம் இல்லை, பில்லும் அரசுக் கணக்கில் போகும். எந்த நிதி அதிகாரியும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

நிறுவனம் வேண்டாம், நேரடியாக மக்கள் கையிலேயே பயிற்சிப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் ஓடிப் பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 2000-இல் தொடங்கிய தனிநபர் கற்றல் கணக்குகள் அடுத்த வருடம் நவம்பரிலேயே மோசடிப் புகாரில் மூடப்பட்டன. சிங்கப்பூரில் 2016 தொடக்கத்தில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கெல்லாம் 500 சிங்கப்பூர் டாலர் கற்றல் தொகை கொடுத்தார்கள், நல்ல எண்ணம்தான். 2017-இல், நடக்காத பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டு ஒரு கும்பல் பயிற்சி நிதியிலிருந்து 4 கோடி சிங்கப்பூர் டாலர் அளவுக்கு எடுத்தது தெரியவந்தது. பிரான்ஸில் பயிற்சிக் கணக்கைக் குறிவைத்துத் தொலைபேசியில் தொல்லை கொடுத்து ஏமாற்றுவது பெருகி, அப்படி அழைப்பதையே 2022-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வகுப்பறைப் பயிற்சி என்பது பொய்யாகக் காட்டுவதற்கு மிகவும் எளிதான பொருள். ஒரு அறை, ஒரு வருகைப் பதிவேடு, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான் வேண்டும்.

அப்படியென்றால் விளைவுக்குப் பணம் கொடுக்கலாமே, வேலை கிடைத்தால்தான் தொகை என்று வைக்கலாமே? அமெரிக்காவில் 1982-இல் வந்த வேலைப் பயிற்சிச் சட்டம் அதைத்தான் செய்தது, வேலைக்குப் போனவர்களின் கணக்கை வைத்து உள்ளூர் மையங்களை மதிப்பிட்டது. மையங்கள் என்ன செய்தன என்று பின்னால் ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள்: எப்படியும் வேலை கிடைக்கக்கூடிய ஆட்களைப் பொறுக்கிச் சேர்க்கிற சாய்வு வந்துவிட்டது, அதிகம் உதவி தேவைப்பட்டவர்கள் வாசலிலேயே நின்றார்கள். சுமார் 20,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து அந்தத் திட்டத்தைச் சோதித்தபோது வயதுவந்த பெண்களுக்கு வருமானம் ஓரளவு கூடியிருந்தது, இளைஞர்களுக்கு ஒன்றும் கூடவில்லை. இந்த முடிவைப் பார்த்துவிட்டுப் பயிற்சியே வீண் என்று சொன்னவர்கள் நிறைய. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். குறுகிய வகுப்பும் வேலை தேடித்தருவதும் ஒரு இளைஞனின் கையில் தொழிலை ஏற்றாது என்பதுதான் அதில் தெரிகிறது.

இந்தியாவிலும் இதே கதையின் வேறு வடிவம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் நிறுவனங்கள் பழகுநர்களை எடுக்க வேண்டும் என்றது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. 2016-இல் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாமல், அரசே ஏற்கும் என்றது. இதில் நல்லது இருக்கிறது, கற்கிறவரின் நேரத்துக்குப் பணம் போகிறது. ஆனால் ஒரு முதலாளி கண்ணோட்டத்தில் பாருங்கள்: அரசு பங்கு போடுகிறது, கூட ஒரு ஜோடி கை மலிவாகக் கிடைக்கிறது, அந்தக் கை கற்றதா இல்லையா என்பது அவருக்குக் கிடைக்கிற தொகையை மாற்றுவதில்லை. எடுபிடி வேலைக்கு அழைப்பு விடுவது போலத்தான் ஆகும், நல்ல மனசுள்ள முதலாளி அமைந்தால் ஒழிய.

ஜெர்மனியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், காட்டுவதில் தவறில்லை, ஆனால் எதைக் காட்ட வேண்டுமோ அதைக் காட்டுவதில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் என்ற இரட்டை முறையைச் சொல்வார்கள். பள்ளியின் செலவு மாநில அரசுடையது, நிறுவனத்துக்குள் ஆகிற செலவு நிறுவனத்துடையது. 2017-18 கணக்கெடுப்பில் ஒரு பழகுநருக்கு வருடத்துக்குச் சராசரியாக 20,855 யூரோ செலவு, அவர் செய்து கொடுத்த வேலையின் மதிப்பு 14,377 யூரோ, மிச்சம் 6,478 யூரோ நிறுவனத்தின் கைச்செலவு. அந்தப் பெரிய தொகைக்குள் பழக்குகிறவர்களின் நேரத்துக்கென்று ஒரு தனி இனம் இருக்கிறது. மதிப்புப் போட்டு எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எண்ணில் எழுதாத ஒன்றுக்கு யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது, அங்கே பழகுநர்களை வைத்துக்கொள்கிற நிறுவனத்தில் கற்றுக்கொடுக்கத் தகுதி உண்டு என்று தேர்வு எழுதித் தேறிய ஆள் இருக்க வேண்டும். தொழிலில் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது, ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து எப்படிக் காட்டுவது, தவறை எப்படித் திருத்துவது என்பதையும் கற்றிருக்க வேண்டும். இடங்கள் குறைகிறதே, இந்த விதி தடையாக இருக்கிறதோ என்று 2003-இல் அதை நிறுத்திவைத்தார்கள். தரம் பற்றிய கவலை வந்தது, 2009-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூத்த தொழிலாளிக்கு அந்தத் தகுதி ஒரு கௌரவமும் கூட. இவர் நம்மிடம் சொல்லிக்கொடுக்கிறவர் என்று நிறுவனம் எழுத்தில் ஒத்துக்கொள்கிறது, அதனால் அவர் அரை மணி நேரம் மெஷினை நிறுத்தினால் சூப்பர்வைசர் வந்து முறைக்க முடியாது.

டென்மார்க்கின் ஏற்பாடும் எனக்குப் பிடிக்கும். 1977 முதல் எல்லா முதலாளிகளும் ஒரு பொது நிதிக்குக் கட்டுகிறார்கள், பழகுநரை வைத்திருக்கிற நிறுவனத்துக்கு, அவர் பள்ளிக்குப் போயிருக்கிற நாட்களுக்கான சம்பளத்தை அந்த நிதி திருப்பிக் கொடுக்கிறது. எதற்குப் பணம், எத்தனை நாளுக்கு என்பது தெளிவாக இருக்கிறது. நேரத்துக்குப் பணம். இதையே இன்னொரு படி எடுத்துப் போய் பழக்குகிறவரின் நேரத்துக்கும் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

இது வெறும் ஆசையாகத் தோன்றலாம். கானாவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தையல், கட்டுமானம் மாதிரியான தொழிலில் சிறு கடை வைத்திருக்கிற மாஸ்டர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, அவர்களுடைய அப்ரண்டிஸ் திறன் தேர்வில் கலந்துகொண்டாலே ஒரு நிலையான தொகை. இன்னொரு பகுதிக்கு, அப்ரண்டிஸ் தேர்வில் எந்த இடம் பிடிக்கிறார் என்பதை வைத்துப் பரிசுத் தொகை. இரண்டாம் பகுதி மாஸ்டர்களிடம் பழகியவர்கள் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். அது மட்டும் என்றால் தேர்வுக்காகத் தயார் செய்தார்கள் என்று தள்ளிவிடலாம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுக்குத் தொழில் கூடுதலாகத் தெரிந்திருந்தது, மற்றவர்களைவிட 24 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கட்டடம் இல்லை, புதுப் பாடத்திட்டம் இல்லை. அதே கடை, அதே மாஸ்டர், அதே கருவிகள். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தளத்தில் நின்ற எவருக்கும் தெரிந்த விஷயத்தை யாரோ ஒருவர் பொறுமையாக அளந்து காட்டியிருக்கிறார்.

ஆட்களின் எண்ணிக்கைக்கு மட்டும் பணம் கொடுத்தால் எண்ணிக்கை கூடும், அதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியா 2020 அக்டோபரில், கொரோனா நெருக்கடியில், புதிதாகச் சேரும் பழகுநரின் சம்பளத்தில் பாதியை, காலாண்டுக்கு 7,000 ஆஸ்திரேலிய டாலர் வரை, அரசே தருவதாகச் சொன்னது. சேர்க்கை வேகமாக எகிறியது, திட்டம் முடிந்ததும் இறங்கியது. நெருக்கடிக் காலத்தில் அப்படிக் கொடுத்ததை நான் தவறு என்று சொல்ல மாட்டேன், சொல்லவே மாட்டேன், ஏனென்றால் வியாபாரம் விழுந்தால் நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது பழகுநர் சேர்க்கையைத்தான், அந்த ஒரு வருடத்துப் பிள்ளைகள் அப்படியே விட்டுப்போனால் அந்த ஓட்டை பல வருடம் கழித்துத் தேர்ந்த ஆள் பற்றாக்குறையாக வந்து நிற்கும். ஆனால் சாதாரணக் காலத்தில் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது வேறு. அது எப்படியும் எடுக்கவிருந்த ஆளுக்குச் சேர்த்து மானியம் வாங்குகிற வழியாகிவிடும்.

அதே ஆஸ்திரேலியாவில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு, அதைப் பற்றி ஏன் யாரும் அதிகம் பேசுவதில்லை என்று தெரியவில்லை. குழுப் பயிற்சி அமைப்புகள் என்பார்கள். பழகுநரை வேலைக்கு எடுப்பது அந்த அமைப்பு, சம்பளமும் காகித வேலையும் அவர்கள் பொறுப்பு, பையனையோ பெண்ணையோ பல சிறு நிறுவனங்களுக்கு மாற்றி மாற்றி அனுப்புவார்கள். இரண்டு பேர் வைத்து ஒர்க்‌ஷாப் நடத்துகிற ஒருவருக்கு முழு மூன்று வருடத்துக்கு ஒரு ஆளை ஏற்றுக்கொள்ளத் தெம்பு இருக்காது, அரசுப் படிவங்களை நிரப்பவும் நேரம் இருக்காது. ஆனால் ஆறு மாதம் நல்ல வேலை ஒன்றைச் சொல்லிக்கொடுக்க அவரைவிடச் சிறந்தவர் கிடைக்க மாட்டார். பெரிய கம்பெனியில் ஒரே ஒரு மெஷினோடு கட்டிப்போடப்படுகிற அப்ரண்டிஸைவிட, சின்ன ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றிலும் கை வைத்தவர் தேறிவருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் கேட்டால் இப்படிச் செய்யலாம் என்பேன். பழகுநருக்கு வாழ்க்கை நடத்துகிற அளவுக்கு உதவித்தொகை, அதில் கணிசமான பங்கு பொது நிதியிலிருந்து. வாரத்தில் சில மணி நேரத்துக்குப் பழக்குகிறவரின் உற்பத்திக் கணக்கு குறைக்கப்பட வேண்டும், அந்த மணி நேரத்துக்கான சம்பளம் நிதியிலிருந்து நிறுவனத்துக்கு வர வேண்டும், அதற்கு மேல் ஒரு தொகை பழக்குகிறவர் கைக்கே நேராகப் போக வேண்டும். நிறுவனத்துக்குக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடும், அதனால்தான் கைக்கே என்கிறேன். சொல்லிக்கொடுத்த காரணத்துக்காக அவர் வேலை போகாது என்று எழுத்தில் உறுதியும் வேண்டும். வகுப்பறையை ஒழிக்கச் சொல்லவில்லை. வரைபடம் படிப்பது, கணக்கு, மின்சாரப் பாதுகாப்பு இதெல்லாம் உட்கார்ந்துதான் கற்க வேண்டும், தளத்தில் அதற்கு நேரம் கிடைக்காது.

உடனே வரும் எதிர்ப்பு எனக்குத் தெரியும். மணி நேரத்துக்குப் பணம் என்றால் பொய்யாக மணி நேரம் எழுதுவார்கள், நீயே சொன்ன பதிவேட்டுக் கதைதானே என்பார்கள். எழுதுவார்கள்தான். அதனால்தான் தேர்வை நிறுவனத்தின் கையிலும் பயிற்சி மையத்தின் கையிலும் விடக் கூடாது என்கிறேன். ஜெர்மனியில் தொழில் வணிகச் சங்கங்கள் அமைக்கிற குழு தேர்வு நடத்துகிறது, அதில் முதலாளிகள் தரப்பு, தொழிலாளர் தரப்பு, தொழிற்பள்ளி ஆசிரியர் மூன்று பேரும் இருப்பார்கள். சரியான கட்டமைப்பு. கேள்வித்தாளோடு நிற்காமல் ஒரு பொருளைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும், பழுதான ஒரு பம்ப்பைக் கொடுத்து என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும், நடுவில் தேர்வாளர் "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்க வேண்டும். பழக்கியவருக்கான தொகையில் ஒரு பகுதியை இந்தத் தேர்வு முடிவோடு இணைக்கலாம், ஆனால் முழுவதையும் இணைக்கக் கூடாது, இணைத்தால் சுட்டியான பிள்ளையை மட்டும் கேட்டு வாங்குகிற ஆசை அவருக்கும் வரும். மெதுவாகக் கற்கிற பிள்ளையை எடுத்துக்கொள்கிறவருக்கு நான் கூடுதலாகத்தான் கொடுப்பேன். எங்கே தொடங்கினார், எங்கே வந்து சேர்ந்தார் என்ற தூரத்தைப் பார்த்து மதிப்பிட முடியும், நடுவில் ஒரு தேர்வும் கடைசியில் ஒரு தேர்வும் வைத்தால் போதும்.

அப்புறம் தேர்வாளர்கள். ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள், டர்னர்கள், எலக்ட்ரீசியன்கள், வெல்டர்கள் எத்தனையோ பேர் அறுபது வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், காதும் கையும் இன்னும் கூர்மையாக. நல்ல தினப்படி கொடுத்து, தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஊரில் தேர்வெடுக்க அனுப்பினால் அவர்களை ஏமாற்றுவது நடக்காத காரியம். ஒரு பழகுநர் அரத்தைப் பிடிக்கிற விதத்தை இரண்டு நிமிடம் பார்த்தால் போதும், இந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா இல்லையா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.